ஆனந்தகிருஷ்ணனும் எங்க அக்காவும்

ரெண்டு மாசமா இந்தக் கடைப்பக்கமே வரலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். பொட்டி தட்டுறவனுக்கு வேற என்ன பொழப்பு :-) இன்னிக்கும் எழுதற எண்ணமே இல்லை. போன வாரம் மதிய சாப்பாட்டு மேசையில நடந்த ஒரு பேச்சு மனசுல கிடந்து அரிச்சுக்கிட்டே இருக்கு. இறக்கி வச்சிட்டா நிம்மதி.

எங்க டீம்ல ஒருத்தர். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர், நல்ல மனுஷன், நான் எழுதற குப்பையையெல்லாம் பொறுமையா ரிவ்யூ பண்ணுவார். புதுசா வேலைக்கு வந்த பசங்களைப் பத்திப் பேச்சு வந்தது. "என்னிக்கு என்ட்ரன்ஸை எடுத்தாங்களோ அன்னிக்கே தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் செத்துப் போச்சு. மனப்பாடம் பண்ணி வாந்தியெடுத்தவன்லாம் உள்ள வந்துட்டான்" அப்படின்னார். சொல்லிட்டு என் முகத்தைப் பார்த்தார். "உன்னைச் சொல்லலைப்பா" அப்படின்னு சிரிச்சார். நானும் சிரிச்சுட்டு தயிர்சாதத்தைத் தொடர்ந்தேன்.

அந்த "உன்னைச் சொல்லலைப்பா" தான் பிரச்சினை. ஏன்னா அவர் என்னைத்தான் சொன்னார். நான் 2015-ல பொறியியல் சேர்ந்தவன். நுழைவுத்தேர்வுன்னா என்னன்னே தெரியாத தலைமுறை. அதை எடுத்ததுக்குக் காரணமானவங்க நிறைய பேர். அரசியல் கட்சிகள் எல்லாத்துக்கும் அதுல பங்கு இருக்கு, அவங்கவங்க பங்கை அவங்கவங்களே மேடை போட்டுச் சொல்லிக்கிறாங்க. மேடையில அதிகம் சொல்லப்படாத ஒருத்தர் இருக்கார். முனைவர் மு. ஆனந்தகிருஷ்ணன், அண்ணா பல்கலைக்கழகத்தோட முன்னாள் துணைவேந்தர். அவரைப் பத்தியும், அவரை ஒருநாளும் பார்த்திராத எங்க அக்காவைப் பத்தியும்தான் இந்தப் பதிவு.

முதல்ல அவரைப் பத்தித் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. 1928-ல் வாணியம்பாடியில பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில சிவில். அப்புறம் அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல முதுகலையும் முனைவர் பட்டமும். திரும்பி வந்து ஐஐடி கான்பூர்ல பத்து வருஷத்துக்கு மேல பேராசிரியர். பிறகு வாஷிங்டன்ல இந்தியத் தூதரகத்துல அறிவியல் ஆலோசகர், அங்கிருந்து ஐ.நா. சபையில, வளரும் நாடுகளுக்கு அறிவியலும் தொழில்நுட்பமும் எப்படிப் போய்ச் சேரணும்னு பார்க்கற பிரிவு. நியூயார்க்குல உட்கார்ந்து ஓய்வு பெற்றிருந்தா யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. மனுஷன் 1990-ல, வா.செ. குழந்தைசாமிக்கு அடுத்தபடியா, தான் படிச்ச கிண்டிக்கே துணைவேந்தரா வந்து சேர்ந்தார். 1996 வரைக்கும் இருந்தார். 2002-ல பத்மஸ்ரீ. 2021 மே மாசம் கொரோனா ரெண்டாவது அலையில, 92 வயசுல காலமானார்.

இதெல்லாம் இரங்கல் செய்தியில வர்ற விஷயம். நான் சொல்ல வந்தது வேற.

அவர் துணைவேந்தரா இருந்த அந்த ஆறு வருஷம் எப்படிப்பட்ட காலம்னு யோசிச்சுப் பாருங்க. தனியார் பொறியியல் கல்லூரிகள் எண்பதுகள்லேயே முளைக்க ஆரம்பிச்சாச்சு. தொண்ணூறுகள்ல தெருவுக்குத் தெரு. நன்கொடைங்கற பேர்ல கட்டு கட்டா வாங்கினதை நிறுத்தத்தான் 1992-ல தமிழ்நாட்டுல தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. 1993-ல உன்னிகிருஷ்ணன் வழக்குல உச்ச நீதிமன்றம், தனியார் கல்லூரியில பாதி இடத்தை மதிப்பெண் அடிப்படையில குறைஞ்ச கட்டணத்துக்குக் கொடுக்கணும்னு சொல்லிடுச்சு. சரி, சொல்லியாச்சு. யார் கொடுக்கிறது? எப்படி? ஒவ்வொரு கல்லூரியும் தானே கொடுத்துக்கிட்டா அது எப்படி நடக்கும்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். மாணவன் பத்து ஊருக்கு பஸ் ஏறி பத்து விண்ணப்பம் வாங்கி, பத்து வாசல்ல "சேர்மன் ஐயா இன்னிக்கு வரலை"ங்கற பதிலைக் கேட்டுட்டுத் திரும்பணும்.

இந்தச் சூழல்லதான் ஒற்றைச் சாளர முறைங்கற யோசனை உருவம் எடுத்தது. தமிழ்நாட்டுல அதைப் பேசும்போதெல்லாம் ஆனந்தகிருஷ்ணன் பேரும் சேர்ந்தே வரும். மாநிலத்துல இருக்கற எல்லா அரசு இடங்களும், தனியார் கல்லூரிகள்ல அரசுக்கு வர்ற இடங்களும் ஒரே பட்டியல்ல. எல்லா மாணவர்களும் ஒரே தரவரிசையில. ஒரே இடத்துல வந்து எடுத்துக்கோ. 69 சதவீத இடஒதுக்கீடும் அந்த ஒரே பட்டியலுக்குள்ளேயே எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி.

பொட்டி தட்டுறவன் பார்வையில இது ரொம்பச் சின்ன நிரல். வரிசைப்படுத்து. முதல் ஆளைக் கூப்பிடு. மிச்சம் இருக்கறதுல பிடிச்சதை எடுத்துக்கச் சொல்லு. அடுத்த ஆள். அவ்வளவுதான், பத்து வரியில முடிஞ்சிடும். ஆனா இந்தப் பத்து வரிக்கு ஒரு குணம் உண்டு. இதுல யாரும் தந்திரம் பண்ண முடியாது. உன் முறை வரும்போது உனக்கு எது வேணுமோ அதைக் கேட்கறதுதான் உனக்கு நல்லது. வேற மாதிரி கணக்குப் போட்டு ஏமாத்த வழியில்லை. சேர்மனைத் தெரிஞ்சிருந்தாலும், எம்.எல்.ஏ. கடிதம் இருந்தாலும் இந்த நிரலுக்கு அது புரியாது. சிபாரிசுங்கற மாறியே அதுல கிடையாது.

எனக்கு அந்த நாள் நல்லா ஞாபகம் இருக்கு. 2015 ஜூலை. அப்போ கலந்தாய்வுக்கு நேர்லதான் போகணும். ஆன்லைனுக்கு மாறினது 2018-லதான். அரூர்லருந்து ராத்திரி பஸ். அழைப்புக் கடிதத்தைக் காட்டினா மாணவனுக்கும் கூட வர்றவருக்கும் பஸ் டிக்கெட் பாதி விலை. எங்கப்பா அதைக் கண்டக்டர்கிட்ட காட்டும்போது கல்யாணப் பத்திரிகை மாதிரி ரெண்டு கையால நீட்டினார். அண்ணா பல்கலைக்கழக வளாகத்துல மரத்தடியெல்லாம் குடும்பம் குடும்பமா உட்கார்ந்திருந்தாங்க, கட்டுச்சோறு, தண்ணி பாட்டில், கையில கல்லூரி எண்கள் எழுதின நோட்டு. வெளியில ஒவ்வொரு கல்லூரிக்காரனும் துண்டுச்சீட்டு கொடுத்து ஆள் பிடிச்சுக்கிட்டு இருந்தான், அது தனிக் கூத்து. உள்ள பெரிய திரையில எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எத்தனை இடம் மிச்சம்னு ஓடிக்கிட்டே இருக்கும். நாம குறிச்சு வச்ச இடம் நம்ம கண்ணு முன்னாடியே ஒண்ணொண்ணா குறையும். நம்ம முறை வந்ததும் ஒரு கணினி முன்னாடி உட்கார வச்சாங்க. எண்ணைச் சொன்னேன். கேட்டாங்க, உறுதி பண்ணினாங்க, காகிதம் கையில வந்துடுச்சு. பத்து நிமிஷம் இருக்கும்.

வெளிய வந்ததும் எங்கப்பா கேட்ட முதல் கேள்வி: "இவ்ளோதானா? யாரையும் பார்க்க வேணாமா?"

அவர் சைக்கிள் கடை வச்சிருந்தவர். ஒரு சான்றிதழுக்கே நாலு பேரைப் பார்த்துப் பழகினவர். மகனோட வாழ்க்கையைத் தீர்மானிக்கற ஒரு விஷயம் யாரையும் பார்க்காமலேயே முடிஞ்சதை அவரால நம்ப முடியலை. பஸ்ல திரும்பி வர்ற வரைக்கும் அந்தக் காகிதத்தை மூணு தடவை எடுத்துப் பார்த்தார்.

இனி அக்கா கதை.

எங்க அக்கா என்னைவிடப் பத்து வயசு மூத்தது. அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2005-ல பன்னிரண்டாவது. கணக்குல 194, இயற்பியல் 182, வேதியியல் 188. அப்பல்லாம் கணக்கை நூத்துக்கும், மத்த ரெண்டையும் அம்பது அம்பதுக்கும் மாத்தி 200-க்குக் கூட்டுவாங்க, அக்காவுக்கு 189.5. இதோட நுழைவுத்தேர்வு மதிப்பெண் ஒரு நூறு சேர்ந்து மொத்தம் 300. அந்த நூத்துலதான் அடி விழுந்தது. பன்னிரண்டாவது பரீட்சை முடிஞ்சு கொஞ்ச நாள்ல நுழைவுத்தேர்வு. அந்த இடைவெளிக்குன்னே சேலத்துலயும் ஈரோட்டுலயும் பயிற்சி வகுப்புங்க இருந்துச்சு. கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்துச் சொன்ன தொகையைக் கேட்டுட்டு அப்பா "பொம்பளைப் புள்ளையைத் தனியா எங்க விடறது"ன்னார். பணம் இல்லைங்கறதைத்தான் அப்படிச் சொன்னார்னு அக்காவுக்கும் தெரியும். பழைய வினாத்தாள் புத்தகம் ஒண்ணு யார்கிட்டயோ இரவல் வாங்கிப் படிச்சது. ஒரு கேள்விக்கு எத்தனை நொடி ஒதுக்கணும், தெரியாததை எப்படித் தள்ளிட்டுப் போகணும்னு சொல்லிக் கொடுக்க ஆளில்லை. 42.5 வந்தது. மொத்தம் 232.

அதே பரீட்சை எழுதின டவுன் பொண்ணு ஒண்ணு, அக்காவுக்குத் தெரிஞ்சவங்க. பன்னிரண்டாவதுல 183தான். பயிற்சிக்குப் போனாங்க, நுழைவுத்தேர்வுல 88. மொத்தம் 271. முப்பத்தொன்பது மதிப்பெண் முன்னாடி. அவங்க மேல எந்தக் கோபமும் இல்லை, அவங்களும் கஷ்டப்பட்டுப் படிச்சவங்கதான். ரெண்டு வருஷம் படிச்ச படிப்புல ஆறரை மதிப்பெண் பின்னாடி இருந்தவங்க, சில வாரப் பயிற்சியில முப்பத்தொன்பது முன்னாடி போக முடிஞ்சதுன்னா அந்தத் தேர்வு அளந்தது எதைன்னுதான் என் கேள்வி.

இதுல இன்னொரு கொடுமை இருக்கு. அந்த 2005 ஜூன்ல அப்போதைய அரசு நுழைவுத்தேர்வு ரத்துன்னு ஆணை போட்டுச்சு. எனக்கு அப்ப எட்டு வயசு. அப்பா ஜாங்கிரி வாங்கிட்டு வந்ததுதான் ஞாபகம் இருக்கு, எதுக்குன்னு தெரியாம ரெண்டு தின்னேன். அந்த மாசம் முடியறதுக்குள்ள உயர் நீதிமன்றம் ஆணை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. வீட்டுல யாரும் எதுவும் பேசலை. அக்கா தருமபுரியில பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தது.

2006 தொடக்கத்துல அரசு மறுபடி சட்டமாவே கொண்டு வந்தது. அதுவும் நீதிமன்றத்துல நிக்கலை. ஏன் நிக்கலைங்கறதுலதான் விஷயமே இருக்கு. மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ, இன்னும் சில வாரியம். ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி மதிப்பெண் போடறான். பொதுவான தேர்வு இல்லாம இவங்களை எப்படி ஒரே வரிசையில நிறுத்துவே? நியாயமான கேள்வி. "ஏழை மாணவர்களுக்காக"ன்னு உருக்கமாப் பேசினா நீதிமன்றம் கேட்காது. பதில் வேணும், கணக்கு வேணும்.

2006-ல ஆட்சி மாறினதும் புது அரசு இதை ஆராய ஒரு குழு போட்டது. தலைவர் ஆனந்தகிருஷ்ணன். அதுக்கப்புறம் வந்த சட்டம் அந்த வருஷக் கடைசியில சட்டமன்றத்துல நிறைவேறி, 2007-ல குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கி, அதே வருஷம் உயர் நீதிமன்றத்துலயும் நின்னுச்சு. ரெண்டு தடவை விழுந்தது மூணாவது தடவை ஏன் நின்னது? அந்தக் கேள்விக்கு இந்தத் தடவை பதில் இருந்தது. ஒவ்வொரு பாடத்துலயும் ஒவ்வொரு வாரியத்தோட முதல் மதிப்பெண்ணையும் சமம்னு எடுத்துக்கோ. மாநில வாரியத்துல இயற்பியல்ல முதல் மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்துல 90-ன்னு வைங்க. அந்த 90-ம் 100-தான். அந்த வாரியத்துல 60 வாங்கினவனுக்கு 66.66. ஆறாங்கிளாஸ் விகிதக் கணக்கு.

புள்ளியியல் படிச்ச நண்பர்கள் இதைப் பார்த்தா முகம் சுளிப்பீங்க. நானும் கல்லூரியில படிக்கும்போது சுளிச்சவன்தான். ஒரே ஒரு உச்ச மதிப்பெண்ணை வச்சு முழுக் கூட்டத்தையும் நீட்டறது முரட்டு வேலை. பரவலைப் பார்க்கணும், சதமானம் பார்க்கணும், இதைவிட நுணுக்கமா ஆயிரம் வழி உண்டு. ஆனா இப்ப எனக்கு வேற மாதிரி தோணுது. இந்தக் கணக்கை எங்கப்பாவுக்கு ரெண்டு நிமிஷத்துல விளக்கலாம். நீதிபதிக்கும் விளக்கலாம். தப்பாப் போட்டா பத்தாவது படிச்சவன் கண்டுபிடிச்சிடுவான். எனக்குப் புரியாத நுணுக்கமான ஒரு சூத்திரத்தால என் இடம் போச்சுன்னா நான் யார்கிட்ட போய்ச் சண்டை போடறது? மினசோட்டாவுல முனைவர் பட்டம் வாங்கின மனுஷனுக்கு இதைவிடச் சிக்கலான கணக்கு தெரியாமலா இருந்திருக்கும்?

இன்னொண்ணும் கவனிங்க. இவர் நுழைவுத்தேர்வே பிடிக்காத ஆள்னு ஒதுக்கிட முடியாது. பத்து வருஷத்துக்கு மேல ஐஐடியில பேராசிரியரா இருந்தவர், பின்னாடி ஐஐடி கான்பூரோட ஆளுநர் குழுத் தலைவராவும் இருந்தவர். நாட்டுலயே கடுமையான நுழைவுத்தேர்வு நடத்தற இடத்தோட ஆள். அந்தத் தேர்வு யாரை உள்ள விடுது, யாரை விடலைங்கறதை உள்ளேயே இருந்து பார்த்தவர் சொன்னா அதுக்கு எடை அதிகம்.

சரி, எல்லாம் சுபம்னு முடிச்சிடலாமா? முடிக்க மாட்டேன். எங்க டீம்காரர் சொன்னதுல கால்வாசி உண்மை இருக்கு, அதை ஒத்துக்கணும்.

நுழைவுத்தேர்வு போனா பயிற்சிக் கடையும் போயிடும்னு நினைச்சாங்க. அது பள்ளிக்கூடத்துக்குள்ளேயே குடி வந்துடுச்சு. அதுக்கு நானே சாட்சி. அக்காவுக்கு நேர்ந்தது எனக்கு நேரக்கூடாதுன்னு அப்பா கடன் வாங்கி என்னை ஒரு விடுதிப் பள்ளியில சேர்த்தார். பேரு வேண்டாம். பதினொண்ணாம் வகுப்புப் புத்தகத்தை நாங்க பிரிக்கவே இல்லை. பதினொண்ணுலயே பன்னிரண்டாவது பாடம். ரெண்டு வருஷம் அதையே அரைச்சோம். எந்தப் பாடத்துல எத்தனை மதிப்பெண் கேள்வி வரும்னு வினாத்தாள் அமைப்பே கையில இருக்கும். காலையில அஞ்சு மணிக்கு ஒரு தேர்வு, ராத்திரி ஒரு தேர்வு. எங்க காலத்துல கணக்குல 200-க்கு 200 வாங்கினவங்க ஆயிரக்கணக்குல. பிறகு கல்லூரி முதல் செமஸ்டர்ல பேராசிரியர் "இது நீங்க பதினொண்ணுல படிச்சதுதானே"ன்னு சொல்லிட்டு நேரா அடுத்த பக்கம் போனப்போ வகுப்புல பாதிப் பேருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்துச்சு. எனக்கும்தான். அக்கா லீவுல உட்கார வச்சுப் பதினொண்ணாவது கணக்குப் புத்தகத்தை முதல் பக்கத்துலருந்து சொல்லிக் கொடுத்துச்சு. அப்ப எனக்கு வயசு பதினெட்டு. அவ்வ்வ்.

அதனால நான் ஒண்ணும் உத்தமமான உதாரணம் இல்லை. என் விடுதி அறைத்தோழன்தான் சரியான உதாரணம். சங்கராபுரம் பக்கம் ஒரு கிராமம், அரசுப் பள்ளி, வீட்டுல முதல் பட்டதாரி, அதுக்கான கட்டணச் சலுகையிலதான் படிச்சான். (எனக்கு அந்தச் சலுகை கிடையாது. அக்கா பி.எஸ்ஸி. முடிச்சிடுச்சே! இன்ஜினியரிங் கிடைக்காம எடுத்த டிகிரி என் சலுகையையும் சாப்பிட்டுடுச்சுன்னு வீட்டுல இன்னமும் ஓட்டுவோம். கட்டணத்துல பாதியை அக்காதான் டீச்சர் சம்பளத்துலருந்து கட்டிச்சு.) அவனுக்கு முதல் செமஸ்டர்ல நாலு அரியர். ஆங்கிலத்துல பாடம் நடத்தினா தலையை மட்டும் ஆட்டுவான். ரெண்டாவது வருஷம் எல்லாத்தையும் முடிச்சான். மூணாவது வருஷம் என் ப்ராஜக்ட்டை அவன்தான் ஓட வச்சான். இன்னிக்கு என்னைவிட அதிகம் சம்பாதிக்கறான், அந்த வயித்தெரிச்சல் தனி :-) அவன் நுழைவுத்தேர்வு எழுதியிருந்தா உள்ள வந்திருக்க மாட்டான்ங்கறது மட்டும் நிச்சயம். அவனே சொல்லுவான்.

பதினொண்ணாவது பாடத்தை விழுங்கற கூத்துக்கு மருந்தா பதினொண்ணுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தாங்க, 2017-18-லருந்து. அதே 2017-ல பள்ளிப் பாடத்திட்டத்தை மாத்த அரசு ஒரு குழு போட்டது. அதுக்குத் தலைவர் யார்னு நினைக்கறீங்க? அதே மனுஷன்தான். 89 வயசு. என் வயசுல எனக்கு ஒரு மீட்டிங் முடிஞ்சாலே தலைவலி வருது. 2018-லருந்து வந்த புதுப் புத்தகங்களை அக்கா வகுப்புல நடத்துது. கொஞ்சம் கனம்தான், ஆனா நாங்க படிச்சதோட ஒப்பிட்டா உலகம் வேறன்னு சொல்லும். பதினொண்ணாவது பொதுத்தேர்வை 2025-ல எடுத்துட்டாங்க. மறுபடி பதினொண்ணாவது புத்தகம் பிரிக்கப்படாமலே கிடக்குமோன்னு எனக்குப் பயம் இருக்கு. அக்காவுக்கும் இருக்கு.

கல்லூரிகளோட தரம் பத்தியும் சொல்லணும். ஒரு காலத்துல ஐநூத்தைத் தாண்டின கல்லூரிகள், போன வருஷம் பட்டம் வாங்கினவன் இந்த வருஷம் விரிவுரையாளர், ஆய்வகத்துல ஓடாத மெஷின். இதுக்கும் நுழைவுத்தேர்வை எடுத்ததுக்கும் முடிச்சுப் போடறது சுலபம். ஆனா இந்தக் கல்லூரிகள்ல நிறைய அனுமதி வாங்கினது நுழைவுத்தேர்வு இருந்த காலத்துலதான். உள்ள போற வாசல்ல சல்லடை வச்சிட்டா உள்ள நடக்கற சமையல் ருசியாயிடாது. சமையல்காரனைக் கேட்க வேண்டிய கேள்வியை வரிசையில நிக்கறவன்கிட்ட கேட்கறோம்.

நடுவுல ஒரு சின்ன விஷயம். நம்ம பதிவுலக ஆளுங்களுக்கு இவர் வேற வழியிலயும் சொந்தம். 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்இணையம் 99 மாநாடு நடந்ததே, அதை முன்னாடி நின்னு நடத்தினவர் இவர்தான். ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, பத்திரிகைக்கு ஒரு குறியாக்கம்னு கிடந்த காலம். அங்கதான் தமிழ்99 விசைப்பலகை முடிவாச்சு. அந்தத் தட்டுமுறையிலதான் இந்தப் பதிவை அடிச்சுக்கிட்டு இருக்கேன். அ, ம, ம, ஆ, நாலு தட்டுல அம்மா. நடுவுல புள்ளி தானா விழும். (அஞ்சல் கோஷ்டி சண்டைக்கு வராதீங்கப்பா, உங்க ஊர்ல உங்களுக்கு.) ஆங்கிலம் தெரிஞ்சாத்தான் தமிழ் தட்ட முடியும்ங்கற நிலைமை வேண்டாம், தமிழ் எழுத்து மட்டும் தெரிஞ்சவனும் உட்கார்ந்து தட்டணும். கலந்தாய்வுல இருந்த அதே யோசனைதான் இதுலயும் எனக்குத் தெரியுது. அக்கா பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாத்தையும் தமிழ்99-லதான் அடிக்குது, நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

2021 மே மாசம் நான் வீட்டுலருந்தே வேலை. அவர் இறந்த செய்தியைப் படிச்சப்போதான் இந்த எல்லாப் புள்ளியும் ஒரே ஆள்கிட்ட போய்ச் சேருதுன்னு எனக்கே தெரிஞ்சது. அதுவரைக்கும் ஒற்றைச் சாளரம் தனி, நுழைவுத்தேர்வு தனி, தமிழ்99 தனி. அக்காகிட்ட சொன்னேன். "யாரு அவரு?"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். முழுசும் கேட்டுட்டு, அரிசியில கல் பொறுக்கிக்கிட்டே, "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருக்கலாம்ல" அப்படின்னுச்சு. 2015-ல என் மதிப்பெண் 187.25. அக்காவோடதைவிட ரெண்டேகால் கம்மி. இதை நான் அதுகிட்ட ஒருநாளும் சொன்னதில்லை. அதுவும் கணக்கு டீச்சர், சொல்லவா வேணும்.

இந்தப் பதிவை டீம்காரருக்கு அனுப்பப் போறதில்லை. அவருக்குத் தமிழ் படிக்கப் பொறுமை கிடையாது, தவிர அடுத்த மாசம் அப்ரைசல் :-)

அக்கா பொண்ணு இப்ப ஒன்பதாவது. டாக்டராகணும்னு சொல்லிக்கிட்டு இருக்கா. மருத்துவத்துக்கு 2017-லருந்து நீட் வந்தாச்சு, அதுக்கப்புறம் தமிழ் வழியில படிச்சு மருத்துவம் போனவங்க பங்கு எப்படிச் சரிஞ்சதுன்னு ஏ.கே. ராஜன் குழு 2021-ல எடுத்துச் சொல்லிடுச்சு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல வந்ததால கொஞ்சம் மூச்சு விட முடியுது. போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். "மாமா, சேலத்துல நீட்டுக்கு எந்த சென்டர் நல்லாருக்கும்? ஒன்பதாவதுலயே சேரணுமாமே"ன்னு ஒரு வழவழப்பான விளம்பரத் தாளை நீட்டினா. பின்பக்கம் கட்டண விவரம் இருந்தது. ரெண்டு வருஷத்துக்கான தொகையைப் பார்த்துட்டு அக்கா முகத்தைப் பார்த்தேன். அது தாளை வாங்கி மடிச்சு அரிசி டப்பா மேல வச்சிட்டு, "காபி ஆறுது, குடி" அப்படின்னுச்சு.